வீட்டு இசை வழங்கி

வீட்டு இசை வழங்கி என்பது, ஒரு வீட்டில் உள்ள இசைத் தொகுப்பு முழுவதையும் எண்ணிமக் கோப்புகளாகச் சேமித்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அறையில் ஒலிக்கச் செய்யும் கணினி ஆகும். குறுந்தட்டுகள், ஒலிநாடாக்கள், இணையத்தில் விலைகொடுத்து வாங்கிய பாடல்கள், வீட்டிலேயே பதிவு செய்த கச்சேரிகள் ஆகியன அனைத்தும் இதில் ஓரிடத்தில் தொகுக்கப்படுகின்றன. இத்தகைய வழங்கிகள் கடைகளில் முழுமையான கருவிகளாகவும் கிடைக்கின்றன. எனினும் தனித்தனி உறுப்புகளை வாங்கிப் பயனரே பொருத்தி அமைத்துக்கொள்ளும் முறையும் பரவலாக உள்ளது. பழைய கணினியைப் பயன்படுத்திக்கொள்ள முடிவதும், பழுதடைந்த உறுப்பை மட்டும் மாற்ற முடிவதும் இம்முறையின் நன்மைகள் ஆகும்.

இசையை வழங்குவதற்கு மிகக் குறைந்த கணிப்புத் திறனே போதும். எனவே உறுப்புகளைத் தெரிவு செய்யும்போது வேகத்தை விட அவை ஒன்றோடொன்றும், பயன்படுத்தப்போகும் மென்பொருளோடும் பொருந்துகின்றனவா என்பதே முதன்மையான கேள்வியாகின்றது. இக்கட்டுரை அப்பொருத்தப்பாட்டை விளக்குகின்றது.

அமைப்பு

ஓர் இசை வழங்கி அமைப்பில் பொதுவாக நான்கு பகுதிகள் உள்ளன.

• சேமிப்பகம்: இசைக் கோப்புகள் இருக்கும் வன்தட்டு அல்லது திண்மநிலைத் தட்டு.
• வழங்கி: கோப்புகளைப் பட்டியலிட்டு, கேட்கப்பட்ட பாடலை எடுத்து அனுப்பும் கணினியும் மென்பொருளும்.
• இசைப்பான்: அனுப்பப்பட்ட தரவைப் பெற்று, எண்ணிம-ஒப்புமை மாற்றியின் மூலம் மின்னலைகளாக மாற்றும் பகுதி.
• ஒலிக்கும் பகுதி: ஆம்ப்ளிஃபயர் எனப் பரவலாக அறியப்படும் மிகைப்பியும் ஒலிபெருக்கிகளும்.

இவற்றுள் முதல் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கலாம். அல்லது வழங்கி ஓர் அறையிலும் இசைப்பான்கள் வேறு அறைகளிலும் இருந்து, வலையமைப்பால் இணைக்கப்படலாம். முதல் வகையில் ஒலி வெளியீட்டின் தரமும் கணினியின் இரைச்சலின்மையும் முதன்மை பெறுகின்றன. இரண்டாம் வகையில் வழங்கிக்கு ஒலி அட்டையே தேவையில்லை. எவ்வகை என்பதை முதலில் முடிவு செய்யாமல் உறுப்புகளை வாங்கினால் தேவையற்றவற்றுக்குச் செலவு செய்ய நேரிடும்.

வரலாறு

எம்பி3 வடிவம் 1990களின் பிற்பகுதியில் பரவியதைத் தொடர்ந்து, கணினியில் இசையைச் சேமிக்கும் வழக்கம் வளர்ந்தது. சிலிம் டிவைசஸ் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் சிலிம்பி3 என்னும் கருவியை வெளியிட்டது. இதனுள் வன்தட்டு கிடையாது. வீட்டில் வேறோர் இடத்தில் உள்ள கணினியிலிருந்து ஈதர்நெட் வழியாக இசையைப் பெற்று ஒலிக்கச் செய்வதே இதன் பணி. இதன் வழித்தோன்றலான சுகுவீசுபாக்சு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2006இல் லாஜிடெக் நிறுவனம் சிலிம் டிவைசஸ் நிறுவனத்தை வாங்கியது. 2012இல் சுகுவீசுபாக்சு வரிசையை நிறுத்தியது. ஆயினும் அதன் வழங்கி மென்பொருள் திறந்த மூல மென்பொருளாக இருந்தமையால் தன்னார்வலர்களால் தொடர்ந்து வளர்க்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அது லிரியன் மியூசிக் சர்வர் என்னும் பெயரைப் பெற்றது. கருவியை உருவாக்கிய நிறுவனம் விலகிய பின்னரும் பழைய கருவிகள் பயன்பாட்டில் இருப்பதற்கு இதுவே காரணம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் எம்.பி.டி. என்னும் மென்பொருள் 2003 முதல் இப்பணியைச் செய்து வருகின்றது. அதே ஆண்டில் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் டி.எல்.என்.ஏ. கூட்டமைப்பைத் தோற்றுவித்து, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் ஊடகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வழி செய்தன. அக்கூட்டமைப்பு 2017இல் கலைக்கப்பட்டாலும் அதன் நெறிமுறை பல தொலைக்காட்சிகளிலும் இசைப்பான்களிலும் தொடர்ந்து உள்ளது.

வன்பொருள் துறையில் இரண்டு நிகழ்வுகள் குறிப்பிடத்தக்கவை. 2001இல் வியா நிறுவனம் 17 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமும் கொண்ட மினி-ஐ.டி.எக்ஸ். தாய்ப்பலகை அளவை அறிமுகம் செய்தது. சிறிய, விசிறியற்ற கணினிகளை வீட்டு வரவேற்பறையில் வைப்பதை இது எளிதாக்கியது. 2012இல் வெளிவந்த ராசுபெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி, சில வாட் மின்சாரத்தில் இயங்கும் இசை வழங்கியை மாணவர்களும் அமைக்கக்கூடிய விலையில் கிடைக்கச் செய்தது.

பொருத்தப்பாட்டின் வகைகள்

இரண்டு உறுப்புகள் பொருந்துகின்றன என்று கூறுவதற்கு மூன்று நிலைகளில் அவை ஒத்துப்போக வேண்டும்.

1. வடிவப் பொருத்தம்: உறுப்பு அதற்குரிய செருகுவாயில் நுழைய வேண்டும். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரு வகை மேசைக்கணினி நினைவகங்களும் 288 முனைகள் கொண்டவை. ஆயினும் அவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றிற்கு மாற்றாக மற்றொன்றைச் செருக முடியாது.

2. மின்னியல் பொருத்தம்: செருகுவாயில் நுழைந்தாலும் உறுப்பு இயங்க வேண்டும் என்பதில்லை. இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் 2017இல் வெளிவந்தபோது, முந்தைய இரு தலைமுறைகள் பயன்படுத்திய எல்.ஜி.ஏ.1151 என்னும் அதே பெயர் கொண்ட பொருத்துவாயையே கொண்டிருந்தன. ஆனால் பழைய 100, 200 வரிசைத் தாய்ப்பலகைகளில் அவை இயங்கவில்லை. பெயர் ஒன்றாக இருப்பது போதாது என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

3. மென்பொருள் பொருத்தம்: உறுப்புக்கு மின்சாரம் கிடைத்து அது இயங்கினாலும், இயங்குதளத்தில் அதற்குரிய இயக்கி மென்பொருள் இல்லையெனில் பயனில்லை. இசை வழங்கியில் மிகுதியாகக் கவனிக்க வேண்டியது இந்நிலையே ஆகும்.

தெரிவு செய்யும் வரிசை

மேசைக்கணினி அமைப்போர் பொதுவாகச் செயலியையும் தாய்ப்பலகையையும் முதலில் தெரிவு செய்வர். இசை வழங்கிக்கு இதன் எதிர்வரிசை பொருந்தும். ஒலி வெளிவரும் முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது நன்று.

1. மிகைப்பியில் உள்ள உள்ளீடுகள் எவை என்று காணல் (ஒப்புமை, ஒளியிழை, யூ.எஸ்.பி.).
2. அதற்கேற்ற எண்ணிம-ஒப்புமை மாற்றியைத் தெரிவு செய்தல்.
3. அம்மாற்றிக்கு இயக்கி உள்ள இயங்குதளத்தைத் தெரிவு செய்தல்.
4. அவ்வியங்குதளத்தில் இயங்கும் வழங்கி மென்பொருளைத் தெரிவு செய்தல்.
5. இவற்றுக்கு ஏற்ற தாய்ப்பலகை அல்லது ஒற்றைப் பலகைக் கணினியைத் தெரிவு செய்தல்.
6. இசைத் தொகுப்பின் அளவுக்கேற்ற சேமிப்பகத்தைத் தெரிவு செய்தல்.
7. இவை அனைத்தின் மின்தேவையையும் கூட்டி மின்வழங்கு அலகைத் தெரிவு செய்தல்.

முதற்படியில் உள்ள மிகைப்பியும் ஒலிபெருக்கிகளும் பெரும்பாலும் வீட்டில் முன்பே இருப்பவை. அவற்றை மாற்றுவதற்குச் செலவு மிகுதி. ஆகவே ஏனையவை அவற்றுக்கு இசைந்து செல்ல வேண்டும்.

தரவு வீதமும் தேவையான திறனும்

குறுந்தட்டில் ஒலியானது நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு மாதிரியும் 16 பிட்டுகளாக, இரண்டு தடங்களில் பதிவாகின்றது. 44,100 × 16 × 2 என்று பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் கிடைக்கும். இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட்டு ஆகும். உயர் தெளிவு ஒலி எனப்படும் 24 பிட், 192 கிலோஏர்ட்சுப் பதிவின் வீதம் நொடிக்கு 9.2 மெகாபிட்டு மட்டுமே. நொடிக்கு 100 மெகாபிட்டு செல்லக்கூடிய பழைய ஈதர்நெட் இணைப்பில்கூட இது பத்தில் ஒரு பங்கை எட்டாது. வன்தட்டுகள் படிக்கும் வேகம் இதை விடப் பன்மடங்கு மிகுதி.

இழப்பற்ற முறையில் ஒலியைச் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தின் முதல் நிலையான பதிப்பு 2001இல் வெளியானது. இவ்வடிவம் கோப்பின் அளவை இசையின் தன்மைக்கேற்பப் பொதுவாக மூல அளவில் பாதி முதல் முக்கால் பங்காகக் குறைக்கின்றது. இதை விரித்துப் படிப்பதற்குச் செயலிக்கு மிகக் குறைந்த வேலையே உள்ளது. எனவே பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய செயலியும் போதுமானது. பாடல்களை ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு உடனுக்குடன் மாற்றி அனுப்புதல், ஒலியைச் சீராக்கும் கனமான வடிகட்டிகளைப் பயன்படுத்துதல் ஆகிய தேவைகள் இருந்தால் மட்டுமே கூடுதல் திறன் வேண்டும். நினைவகமும் அவ்வாறே, லினக்ஸ் சார்ந்த இசை வழங்கிக்கு 1 அல்லது 2 கிகாபைட்டு பெரும்பாலும் போதும்.

ஒலி வெளியீடு

தாய்ப்பலகையில் உள்ளமைந்த ஒலிச் சில்லு: இன்டெல் 1997இல் வகுத்த ஏ.சி.97 தரத்தில் அமைந்த பல சில்லுகள் 48 கிலோஏர்ட்சு வீதத்தில் மட்டுமே இயங்கின. குறுந்தட்டின் 44.1 கிலோஏர்ட்சு ஒலியை அவற்றில் ஒலிக்கச் செய்ய, மாதிரி வீதத்தை மாற்ற வேண்டியிருந்தது. 2004இல் வந்த எச்.டி. ஆடியோ தரம் இக்குறையை நீக்கியது. இத்தரத்தைச் சார்ந்த சில்லுகளுக்கு லினக்சிலும் விண்டோசிலும் இயக்கிகள் உள்ளன. ஆயினும் கணினியின் உட்புற மின்னிரைச்சல் ஒப்புமை வெளியீட்டில் கலக்க வாய்ப்புண்டு. பலகையில் ஒளியிழை வெளியீடு இருந்தால் அதைப் பயன்படுத்தி இதைத் தவிர்க்கலாம்.

உட்செருகும் ஒலி அட்டை: இங்கு இயக்கி மென்பொருளே தீர்மானிக்கும் காரணி. கிரியேட்டிவ் நிறுவனத்தின் எக்ஸ்-ஃபை அட்டைகள் 2005இல் வெளிவந்தன. லினக்சுக்கான இயக்கியின் மூல நிரலை அந்நிறுவனம் 2008இன் இறுதியில்தான் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. இயங்குதளத்தின் உட்பகுதியான லினக்ஸ் கருனியில் 2009இல் அது சேர்க்கப்பட்டது. தரமான ஒலி அட்டையை வாங்கியும் லினக்ஸ் பயனர்கள் சில ஆண்டுகள் முழுப் பயனைப் பெற இயலாமற்போனது. புதிதாக வெளியான உறுப்பை விட, ஓரிரு ஆண்டுகள் பழகிய உறுப்பே வழங்கிக்கு ஏற்றது என்று கூறப்படுவது இதனால்தான்.

யூ.எஸ்.பி. மாற்றி: கணினிக்கு வெளியே தனிப் பெட்டியாக அமைவது. யூ.எஸ்.பி. ஒலிக்கெனப் பொதுத்தரங்கள் உள்ளமையால், அவற்றைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி இயக்கி தேவையில்லை. இவற்றின் முதல் தரமானது நொடிக்கு 12 மெகாபிட்டு வேகமுள்ள பழைய யூ.எஸ்.பி. முறையில் இயங்கும்போது, ஒவ்வொரு மில்லிநொடிக்கும் அதிகபட்சம் 1023 பைட்டுகளையே அனுப்ப முடியும். 24 பிட், 96 கிலோஏர்ட்சு ஒலிக்கு மில்லிநொடிக்கு 576 பைட்டுகள் போதும். ஆனால் 192 கிலோஏர்ட்சுக்கு 1152 பைட்டுகள் வேண்டும். எனவே அது இம்முறையில் செல்லாது. அதற்கு இரண்டாம் தரத்தைச் சார்ந்த மாற்றி தேவை. இரண்டாம் தரத்துக்கான ஆதரவு லினக்சில் 2010இலும், விண்டோசில் 2017ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 இற்றைப்படுத்தலிலும் உள்ளமைந்து வந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகளில் கருவியை உருவாக்கிய நிறுவனமே இயக்கியை அளிக்க வேண்டும்.

பலகை மேல் பொருத்தும் மாற்றி: ராசுபெரி பை கணினியின் 40 முனை இணைப்பில் நேரடியாகப் பொருந்தும் சிறு பலகைகள் இவை. 2014க்கு முந்தைய ராசுபெரி பை மாதிரிகளில் 26 முனைகளே இருந்தமையால் இப்பலகைகள் பெரும்பாலும் அவற்றில் பொருந்தா. இரண்டு பலகைகளை அடுக்கும்போது இரண்டும் ஒரே முனைகளைப் பயன்படுத்தினால் மோதல் ஏற்படும். ராசுபெரி பை 5 மாதிரியில் 3.5 மி.மீ. ஒலிச் செருகுவாய் நீக்கப்பட்டுள்ளது. ஆகையால் நேரடியாக மிகைப்பியுடன் இணைக்க விரும்புவோருக்கு இத்தகைய பலகையோ யூ.எஸ்.பி. மாற்றியோ கட்டாயம் தேவை.

தாய்ப்பலகை

பெட்டியின் அளவு, செயலியின் வகை, நினைவகத்தின் வகை, வன்தட்டு இணைப்புகளின் எண்ணிக்கை ஆகிய நான்கும் தாய்ப்பலகையில் சந்திக்கின்றன. செயலி பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மினி-ஐ.டி.எக்ஸ். பலகைகளை வாங்கினால் பொருத்துவாய்ச் சிக்கல் எழுவதில்லை. 2023இல் வெளியான இன்டெல் என்100 என்னும் நான்கு கருக்கள் கொண்ட 6 வாட் செயலி இவ்வகைப் பலகைகளில் காணப்படுகின்றது. இதனை விசிறியின்றியே குளிர்விக்க முடியும்.

வழங்கிக்கென வாங்கும் பலகையில் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

• திரையும் விசைப்பலகையும் இணைக்கப்படாத நிலையிலும் கணினி தொடங்க வேண்டும்.
• மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பியதும் தானாகவே மீண்டும் தொடங்கும் அமைப்பு இருக்க வேண்டும்.
• வலையமைப்புச் சில்லுக்கு லினக்ஸ் கருனியில் இயக்கி இருக்க வேண்டும்.
• மேசைக்கணினி நினைவகமா, மடிக்கணினி நினைவகமா என்பதை அறிய வேண்டும். சிறிய பலகைகள் பல மடிக்கணினி நினைவகத்தையே ஏற்கின்றன.

சேமிப்பகம்

ஃபிளாக் வடிவம் மூல அளவில் 60 விழுக்காடாகச் சுருங்குகின்றது எனக் கொண்டால், ஒரு மணி நேரக் குறுந்தட்டு இசைக்குச் சுமார் 380 மெகாபைட்டு தேவை. இவ்வாறு 1 டெராபைட்டுத் தட்டில் ஏறத்தாழ 2600 மணி நேர இசையைச் சேமிக்கலாம். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு 1 அல்லது 2 டெராபைட்டு நெடுங்காலம் போதுமானது.

பழைய கணினியைப் பயன்படுத்துவோர் இரண்டு எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். மிகப் பழைய ஐ.டி.ஈ. இணைப்புள்ள பலகைகள் சில 137 கிகாபைட்டுக்கு மேல் உள்ள தட்டுகளை முழுமையாக அறிவதில்லை. எம்.பி.ஆர். என்னும் பழைய பகிர்வு முறையில் பொதுவாக 2.2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த இயலாது, அதற்கு ஜி.பி.டி. முறை தேவை.

புதிய பலகைகளில் வேறொரு குழப்பம் உள்ளது. எம்.2 என்பது செருகுவாயின் வடிவத்தை மட்டுமே குறிக்கின்றது. அதன் வழியாகச் சாட்டா முறையிலோ என்.வி.எம்.ஈ. முறையிலோ தரவு செல்லலாம். ஒரு முறையை மட்டுமே ஏற்கும் செருகுவாயில் மற்ற முறையைச் சார்ந்த தட்டு இயங்காது. தாய்ப்பலகையின் கையேட்டில் இது குறிப்பிடப்பட்டிருக்கும்.

இயங்குதளத்தைச் சிறிய திண்மநிலைத் தட்டிலும், இசையைப் பெரிய வன்தட்டிலும் வைப்பது வழக்கம். இவ்வாறு செய்தால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவும்போது இசைத் தொகுப்பைத் தொட வேண்டியதில்லை.

வலையமைப்பு

1999இல் வந்த 802.11பி தரக் கம்பியில்லா இணைப்பின் பெயரளவு வேகம் நொடிக்கு 11 மெகாபிட்டு. நடைமுறையில் ஏறத்தாழ அதில் பாதியே கிடைக்கும். குறுந்தட்டுத் தர இசைக்கு இதுவும் போதும். உயர் தெளிவு ஒலிக்குப் போதாது. பின்னர் வந்த தரங்களில் வேகம் சிக்கலாக இருப்பதில்லை. ஆனால் தடித்த சுவர்களும் அண்டை வீடுகளின் அலைகளும் இணைப்பை இடையிடையே துண்டிக்கக்கூடும். இசை தொடர்ச்சியாக ஒலிக்க வேண்டியது. அரை நொடித் தடையும் காதுக்குத் தெரியும். ஆகவே வழங்கியையாவது கம்பி வழியாகத் திசைவியுடன் இணைப்பது நன்று.

ராசுபெரி பை 3 வரையிலான மாதிரிகளில் கம்பி வலையமைப்பும் யூ.எஸ்.பி. செருகுவாய்களும் ஒரே யூ.எஸ்.பி. 2.0 பாதையைப் பகிர்ந்துகொண்டன. யூ.எஸ்.பி. வன்தட்டு, யூ.எஸ்.பி. மாற்றி, வலையமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது ஒலியில் வெடிப்பொலிகள் எழ இது இடமளித்தது. 2019இல் வெளியான ராசுபெரி பை 4 இப்பகிர்வை நீக்கியது.

மின்சாரம், வெப்பம், இரைச்சல்

இசை வழங்கி பெரும்பாலும் நாள் முழுவதும் இயங்குவது. ஓயாமல் இயங்கும் கருவி, ஒவ்வொரு வாட்டுக்கும் ஆண்டுக்கு 8.76 அலகு மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றது. 10 வாட் வழங்கிக்கு ஆண்டுக்குச் சுமார் 88 அலகும், 60 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினிக்குச் சுமார் 526 அலகும் செலவாகும். எனவே இலவசமாகக் கிடைத்த பழைய கணினி சில ஆண்டுகளில் புதியதை விட விலை மிகுந்ததாகிவிடலாம்.

3.5 அங்குல வன்தட்டு சுழலத் தொடங்கும் நொடிகளில் 20 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடும். பின்னர் சில வாட்டுகளாகக் குறையும். மின்வழங்கு அலகு இந்தத் தொடக்கத் தேவையைத் தாங்க வேண்டும். ராசுபெரி பை 4இன் நான்கு யூ.எஸ்.பி. செருகுவாய்களும் சேர்ந்து 1.2 ஆம்பியர் மட்டுமே அளிக்கின்றன. ராசுபெரி பை 5ஐ அதற்குரிய 5 ஆம்பியர் மின்வழங்கிக்கு மாற்றாக 3 ஆம்பியர் மின்வழங்கியுடன் இணைத்தால், செருகுவாய்களுக்கான மின்னோட்டத்தை அது 0.6 ஆம்பியராகக் குறைத்துக்கொள்கின்றது. வன்தட்டு அடிக்கடி துண்டிக்கப்படுவது தட்டின் பழுதெனக் கருதப்பட்டாலும், உண்மைக் காரணம் மின்பற்றாக்குறையாக இருக்கலாம். தனி மின்சாரம் பெறும் யூ.எஸ்.பி. பிரிப்பான் இதற்குத் தீர்வாகும்.

ஒலிபெருக்கியில் தாழ்ந்த ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் கணினியும் மிகைப்பியும் வெவ்வேறு வழிகளில் நிலத்தொடர்பு பெறுவதால் உண்டாவது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரத்தின் அலைவெண் 50 ஏர்ட்சு என்பதால் இந்த ரீங்காரம் 50 அல்லது 100 ஏர்ட்சில் அமையும். நிலத்தொடர்புக் கம்பியைத் துண்டிப்பது உயிருக்கு ஊறு விளைவிக்கும், அதைச் செய்யலாகாது. இரண்டையும் ஒரே மின்செருகியிலிருந்து இயக்குவதும், மின்தொடர்பற்ற ஒளியிழையால் இணைப்பதும் பாதுகாப்பான வழிகள்.

அடிக்கடி மின்தடை ஏற்படும் இடங்களில் தடையில்லா மின்வழங்கி பயன்படுத்துவது நன்று. நினைவக அட்டையிலிருந்து இயங்கும் கணினிகளில் எழுதும் தருணத்தில் மின்சாரம் நின்றால் கோப்பு முறைமை சிதையக்கூடும். பைகோர்பிளேயர் என்னும் வழங்கல், தொடங்கியபின் முழுவதும் நினைவகத்திலேயே இயங்குவதால் இவ்விடர் அதில் குறைவு.

கோப்பு முறைமையும் தமிழ்ப் பெயர்களும்

தமிழ்ப் பாடல்களைத் தமிழிலேயே பெயரிட்டுச் சேமிப்போர் சில எல்லைகளை அறிந்துகொள்ள வேண்டும். லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேற்படக்கூடாது. ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகளே. எனவே ஒரு பெயரில் அதிகபட்சம் 85 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். விண்டோசின் என்.டி.எஃப்.எஸ். முறைமையில் 255 குறியீடுகள் வரை இடமுண்டு. ஆகையால் பாடல், இராகம், பாடகர், திரைப்படம் எனப் பலவற்றையும் சேர்த்து விண்டோசில் எழுதிய நீண்ட பெயர்கள், வழங்கிக்கு மாற்றும்போது மறுக்கப்படலாம்.

ஒகர உயிர்மெய்க் குறியை ஒற்றைக் குறியீடாகவோ, ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவோ எழுதலாம். ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ்.+ முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களை லினக்ஸ் வேறு வேறாகக் கொள்ளும். இதனால் ஒரே பாடகர் பட்டியலில் இருமுறை தோன்றக்கூடும்.

எம்பி3 கோப்பின் பழைய குறிச்சொல் முறையில் தலைப்புக்கு 30 பைட்டுகளே இடம். டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் எழுதிய தலைப்புகள் இன்றைய மென்பொருள்களில் சிதைந்து தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஃபிளாக் கோப்பின் குறிச்சொற்கள் எப்போதும் யூ.டி.எஃப்-8 வடிவில் அமைவன. இராகம், தாளம், இயற்றியவர் முதலியவற்றுக்கும் தனிப் புலங்களை அவற்றில் சேர்க்கலாம். புலத்தின் பெயர் உரோம எழுத்தில் இருக்க வேண்டும். அதன் உள்ளடக்கம் தமிழில் இருக்கலாம்.

எடுத்துக்காட்டு அமைப்புகள்

• ஓர் அறைக்கான சிறு அமைப்பு: ராசுபெரி பை 4, பலகை மேல் பொருத்தும் மாற்றி, தனி மின்சாரம் பெறும் யூ.எஸ்.பி. வன்தட்டு. இசை மென்பொருளாக எம்.பி.டி. அல்லது அதைச் சார்ந்த வழங்கல்கள்.
• பல அறைகளுக்கான அமைப்பு: விசிறியற்ற மினி-ஐ.டி.எக்ஸ். பலகை, சிறிய திண்மநிலைத் தட்டு, 2 டெராபைட்டு வன்தட்டு. வழங்கியில் லிரியன் மியூசிக் சர்வர். அறைதோறும் சிறிய இசைப்பான்.
• செலவற்ற அமைப்பு: பயன்பாட்டில் இல்லாத மடிக்கணினி, யூ.எஸ்.பி. மாற்றி. மடிக்கணினியின் மின்கலம் நல்ல நிலையில் இருந்தால் அதுவே தடையில்லா மின்வழங்கியாகவும் பயன்படும்.

வாங்குவதற்கு முன் சோதித்தல்

லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றை வன்தட்டில் நிறுவாமலே யூ.எஸ்.பி. விரலியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். பழைய கணினியையோ நண்பரிடம் உள்ள அதே மாதிரி உறுப்பையோ இவ்வாறு சோதித்தால் ஒலி, வலையமைப்பு, வன்தட்டு ஆகியன அறியப்படுகின்றனவா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சோதிக்க இயலாதபோது உறுப்பின் வணிகப் பெயரை விட, அதனுள் உள்ள சில்லின் பெயரைக் கொண்டு தேட வேண்டும். இயக்கி மென்பொருள் அறிவது சில்லைத்தான். ஒரே வணிகப் பெயரில் வெவ்வேறு சில்லுகளுடன் உறுப்புகள் வெளிவருவதும் உண்டு.

காப்பு நகல்

மேற்கூறிய உறுப்புகள் அனைத்தும் மாற்றத்தக்கவை. இசைத் தொகுப்பு அவ்வாறன்று. கடையில் வாங்கிய குறுந்தட்டை மீண்டும் வாங்கலாம். ஆனால் வீட்டுத் திருமணத்தில் ஒலிநாடாவில் பதிவான நாகசுவரமோ, மறைந்த பாட்டியின் தாலாட்டோ மீண்டும் கிடைக்காது. மூல நாடா பூஞ்சை பிடித்தோ காந்தத் தன்மை குன்றியோ அழிந்துவிட்டால், வழங்கியில் உள்ள கோப்பே எஞ்சிய ஒரே பதிவாகின்றது.

இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறை, ஒரு தட்டு பழுதாகும்போது மட்டுமே உதவும். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலிருந்தும் ஒருசேர அழியும். மின்னல், திருட்டு, வெள்ளம் ஆகியவற்றிலிருந்தும் இது காக்காது. ஆகவே மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், வீட்டுக்கு வெளியே ஒரு நகல் என்னும் பொதுவிதி பின்பற்றப்படுகின்றது. உறவினர் வீட்டில் வைத்து ஆண்டுக்கு இருமுறை இற்றைப்படுத்தும் ஒரு வெளிப்புற வன்தட்டும் இதற்குப் போதுமானது.

காப்பு நகலுக்கும் பொருத்தப்பாடு உண்டு. வழங்கி பழுதானால் வேறொரு கணினியில் அத்தட்டைப் படிக்க முடிய வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவியில் மட்டுமே திறக்கக்கூடிய வடிவங்களைத் தவிர்த்து, பரவலாக ஆதரிக்கப்படும் கோப்பு முறைமையிலும் ஃபிளாக் போன்ற திறந்த வடிவத்திலும் சேமித்தால், வன்பொருள்கள் பல தலைமுறைகள் மாறிய பின்னரும் அப்பதிவுகளைக் கேட்க இயலும்.